ஓடாத கிரைண்டர் ட்ரிப்பரை விழவைத்த கதை

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார். "கண்ணு, நாலு நாளா ட்ரிப்பர் நிக்கவே மாட்டேங்குது. தூக்கி விட்டா சும்மா இருக்கும். மிக்ஸியப் போட்டா விழுந்துருது, அயர்ன் பாக்ஸப் போட்டாலும் விழுந்துருது." மிக்ஸி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அயர்ன் பாக்ஸிலும் ஒரு குறையும் தெரியவில்லை.

மீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில், கோளாறு வந்தால் தானாக விழுந்து கரண்ட்டை அறுக்கும் ட்ரிப்பர்கள் இரண்டு விதமாக இருக்கும். சின்னதாக வரிசையாக நிற்பவை எம்.சி.பி. அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி, வளைந்து, மெதுவாக விழவைக்கும். கரண்ட் வரும் பேஸ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் நேராக ஒட்டிக்கொண்டால் காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் விழவைத்துவிடும். அகலமாக, டெஸ்ட் பட்டனோடு இருப்பது ஆர்.சி.சி.பி. அத்தை சொன்னது இதைத்தான்.

எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை ஆர்.சி.சி.பி. பார்ப்பதில்லை. போனதெல்லாம் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியும் ஒரே வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. 5 ஆம்பியர் போய் 5 ஆம்பியர் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் கொஞ்சம் மண்ணுக்குள் நழுவிவிட்டால் கணக்கு இடிக்கும். மிஞ்சிய காந்தப்புலம், வளையத்தைச் சுற்றியிருக்கும் சின்னச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டி லிவரைத் தட்டிவிடும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுகிற வகை. ஈரக் கையால் 230 வோல்ட்டைத் தொட்டால் உடம்பு வழியாக 100 மில்லி ஆம்பியருக்கு மேலேயே ஓடிவிடலாம் என்பதால், அந்த 30 ஒரு உயிரின் விலை. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டால் மட்டும் அது உதவாது. போனதும் வந்ததும் சரியாகவே இருக்கும்.

கோளாறைத் தேட, எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, பிறகு ஒவ்வொரு லைனாக ஏற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். எந்த லைனில் விழுகிறதோ அங்கே கோளாறு. இங்கே எந்த லைனை ஏற்றினாலும், அதில் ஒரு சாமான் ஓடியதும் விழுந்தது. அத்தனையும் ஒரே வாரத்தில் கெட்டுப்போகாது. அப்படியானால் கோளாறு எம்.சி.பி. அறுக்காத கம்பியில் இருக்க வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் எம்.சி.பி.யும் சரி, சுவரில் இருக்கும் சுவிட்சும் சரி, பேஸை மட்டுமே அறுக்கும். நியூட்ரல் எப்போதும் தொட்டபடியே இருக்கும்.

அதனால் பிளக்குகளைப் பிடுங்க ஆரம்பித்தோம். சமையலறை மூலையில் இருந்த கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கியதும் மிக்ஸி ஓடியது, ட்ரிப்பர் விழவில்லை.

"நாலு நாளா அதத் தொடவே இல்லியே கண்ணு. சுவிட்சும் ஆப்புலதான இருக்குது?"

ஆஃபில்தான் இருந்தது. கிரைண்டருக்குள் நியூட்ரல் கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சட்டத்திலிருந்து எர்த் கம்பி மண்ணுக்குப் போகிறது. தடப்பள்ளி வாய்க்காலில் கரை உடைந்தால், யார் வயலுக்கு விட்ட தண்ணீராக இருந்தாலும் உடைப்பு வழியாகக் கொஞ்சம் போகத்தானே செய்யும்? மிக்ஸியிலிருந்து திரும்பும் கரண்ட்டும் அப்படித்தான் பிரிந்தது. 500 வாட் மிக்ஸி 2 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதில் நூற்றில் இரண்டு பங்கு எர்த்துக்கு நழுவினாலே 40 மில்லி ஆம்பியர் தாண்டிவிடும்.

அந்த சாக்கெட்டையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார் மாமா. மெயினை இறக்கினார். ஹால் லைட் எரிந்துகொண்டே இருந்தது. மெயினை இறக்குவது இன்வெர்ட்டருக்கு, 'கரண்ட் போயிடுச்சு, நீ வா' என்று சொல்வது போல. பேட்டரியின் 12 வோல்ட்டை அது அதே 230 வோல்ட்டாக்கித் தருகிறது. சமையலறை போர்டில் ஒரு லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. சாக்கெட்டுக்கும் அதற்கும் இடையில் இரண்டு அங்குலம். இன்வெர்ட்டரையும் அணைத்தோம். அப்போதும் மீட்டரிலிருந்து மெயின் வரை வரும் வயரில் கரண்ட் இருக்கும். அதன் பக்கமே போகக்கூடாது.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) கிணற்று மோட்டாரில் கை வைக்கும் முன் பீங்கான் ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேறு யாரும் தெரியாமல் கரண்ட்டைக் கொடுத்துவிட முடியாது. எம்.சி.பி.யை யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். அதனால் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மாமா மகனைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தோம்.

அப்புறம் டெஸ்டர். உள்ளே இருக்கும் குட்டி நியான் பல்பு, ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக, நம் உடம்பையும் சேர்த்துக்கொண்டுதான் எரிகிறது. வெயில் வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம், பல்பே செத்துப் போயிருக்கலாம். எரியவில்லை என்பதை வைத்துக் கையை விடுவது எனக்கு ஒப்பாது. கரண்ட் இருக்கும் என்று தெரிந்த சாக்கெட்டில் மெயினை இறக்கும் முன்பே எரிகிறதா என்று பார்த்திருந்தேன். இறக்கிய பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்தேன், நியூட்ரல் உட்பட. நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், ஆன் ஆகியிருக்கும் பல்பு வழியாக பேஸ் வந்து அந்த முனையிலும் டெஸ்டர் எரியும். கருப்பு வயர், நியூட்ரல்தானே என்று தொட்டவர்கள் வாங்கிய ஷாக் பலவும் இப்படி வந்ததுதான். வேலை முடிந்து மெயினைத் தூக்கியதும் மறுபடி முதலில் பார்த்த சாக்கெட்டில் வைத்து, டெஸ்டர் நடுவில் சாகவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன்.

சாக்கெட்டில் ஒன்றுமில்லை. கிரைண்டரை மறுநாள் கடையில் பிரித்தார்கள். வயர் உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையம் தேய்ந்து, தகட்டின் விளிம்பு கருப்பு வயரின் தோலை அறுத்திருந்தது. கழுவும்போது வழிந்த மாவுத் தண்ணீர் அந்த இடத்தில் காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. வயரும் வளையமும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்து, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அத்தை அன்று சாயங்காலம் அரிசி ஊறப்போட்டார்.