நூல் விடும் நீர்

டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கினால் கத்திக்கும் பலகைக்கும் நடுவே நூல் இழுக்கும். அந்தக் கொழகொழப்பும் சர்க்கரைதான், இனிக்காத சர்க்கரை. சர்க்கரைகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானால் நாக்கு அதை அடையாளம் காணாது. தண்ணீரை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

மீசோதீலியோமா, அதாவது நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் உள்ள சிலருக்கு, நெஞ்சிலிருந்து ஊசியால் எடுக்கும் நீரும் இப்படியே நூல் விடும். 1940இல் கார்ல் மேயர், எலினோர் சாஃபி என்ற இரு ஆய்வாளர்கள் அப்படியொரு நீரில் கண்டது ஹயலூரோனிக் அமிலம். 1934இல் மாட்டின் கண்ணிலிருந்து மேயர் முதலில் பிரித்தெடுத்த அதே பொருள்.

இது வேண்டாத பொருள் அல்ல. மூச்சு விடும்போது நுரையீரல் விலாவில் உரசாமல் வழுக்க, உறையின் செல்களே இதைச் சுரக்கின்றன. குளுக்குரோனிக் அமிலம், அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற இரண்டு சர்க்கரைகள் மாறி மாறி, ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. இதன் உறவுக்காரச் சங்கிலிகள் செல்லுக்குள்ளே புரதத்தின் மேல் வளர்பவை. இது மட்டும் செல்லின் வெளிச்சவ்வில் உருவாகி, உருவாக உருவாக வெளியே வந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு முறுக்குப் பிழிவது போலத்தான்.

உறைச் செல் புற்றாக மாறினாலும் சிலநேரம் பழைய தொழிலை விடுவதில்லை, அளவில்லாமல் பிழிகிறது. அந்தச் சங்கிலியை சிடி44 என்ற ஏற்பியால், அதாவது தம் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதக் கொக்கியால், பற்றிக்கொண்டு புற்றுச்செல்கள் நகரவும் செய்கின்றன.

ஆனால் அதுவே காட்டியும் கொடுக்கும். திசுத் துண்டில் அல்சியன் நீலச் சாயம் ஏற்றி, அந்தச் சங்கிலியை வெட்டும் ஹயலூரோனிடேஸ் நொதியை விட்டால் மீசோதீலியோமாவின் நீலம் மறையும். நுரையீரல் சுரப்பிப் புற்றின் சளியில் நீலம் அப்படியே நிற்கும். எல்லாக் கட்டியிலும் இந்தச் சர்க்கரை இருக்காது என்பதால், இப்போது எதிர்ப்பொருள் சோதனைகளைத்தான் நம்புகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பழைய தந்திரம்தான் பிடிக்கும்.

சரி, செல் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ் இழை. 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் என்ற மருத்துவர்கள் மூவரும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியின் நீலக் கல்நாரோடு இந்த நோயை இணைத்து 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூச்சில் போன இழை, நோயாகப் பல பத்தாண்டுகள் எடுக்கும். தென்னாப்பிரிக்கா கல்நாரைத் தடைசெய்தது 2008இல்.

எங்கள் கூரையும் பழைய அஸ்பெஸ்டாஸ் தகடுதான். டிவி டிஷ் மாட்ட வந்த பையன் அதில் துளைபோடக் கருவியை எடுத்தான். "வேண்டாம் தம்பி, சுவரில் மாட்டு" என்றேன்.