நினைவிழந்த நாயகியும் அவளுக்குள் ஓடும் கணக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு முந்திய இருட்டில், பால்மரக் காட்டோரம் ஒரு பெண் கண் விழிக்கிறாள். பெயர் நினைவில்லை. அவளைத் தெரியும் என்று மூன்று பேர் வருகிறார்கள்: மண்டோர் (மேற்பார்வையாளர்) மகன், தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸர், ஆபீஸ் கிராணி (எழுத்தர்). ஒருவர் சொல்வது பொய். விஷுவல் நாவல் வகை விளையாட்டுக்கு இது போதுமான கரு. திரையில் தெரிவது படமும் வசனமும் அவ்வப்போது ஒரு தேர்வும்தான். உள்ளே ஓடுவது கணக்கு.

ஒவ்வொரு தேர்விலும் கதை இரண்டாகப் பிரிந்துகொண்டே போனால் பத்தாவது தேர்வில் 1024 கிளைகள் நிற்கும். அதை எழுதி மாளாது. அதனால் பிரிந்த கிளைகளைச் சில வசனங்களுக்குள் மறுபடி சேர்த்துவிடுவார்கள். தேர்ந்தெடுத்ததன் சுவடு மட்டும் ஒரு மாறியில், அதாவது நிரல் மதிப்பைக் குறித்துவைக்கும் இடத்தில், எண்ணாகத் தங்கும்.

காதல் பாதைகள் பிரிவதற்கு முந்திய பொதுப்பாதையில் 9 தேர்வுகள், ஒவ்வொன்றும் அந்த மூவரில் ஒருவருக்கு 1 அன்புப்புள்ளி, 4 எடுத்தால் அவருடைய காதல் பாதை திறக்கும் என்று வைப்போம். சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் புள்ளிகள் 3-3-3 என விழுந்தால் ஒரு கதவும் திறக்காது. அதற்குத் தனி முடிவு எழுதியே ஆகவேண்டும். 4-4-1 என்றால் இரண்டு கதவு திறக்கும். அப்போது நிரலில் யாருடைய 'இஃப்' (நிபந்தனை) வரி மேலே இருக்கிறதோ அவரே காதலராகிவிடுவார், ஆடுபவருக்குத் தெரியாமலேயே. இது ஆடுபவருக்குச் செய்யும் அநியாயம். சமநிலை வந்தால் நாயகியிடமே கேட்டுவிடுங்கள்: இந்த மழையில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாய்?

அன்பும் துப்பும் தனித்தனிக் கணக்காக இருக்கவேண்டும். கிராணியிடம் நெருங்கிவிட்டாள் என்பதற்காக, ஆள்வரவுப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர் அடித்து நீக்கப்பட்டிருப்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அந்தப் பக்கத்தைப் பார்த்தாளா, இல்லையா என்று குறித்துவைக்க ஒரு கொடி, அதாவது ஆம்-இல்லை மாறி. அதைப் பேசும் ஒவ்வொரு வசனத்துக்கு முன்பும் அந்தக் கொடியைச் சோதிக்கவேண்டும். இந்தக் கொடிகளை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்காமல் நடுக்காட்சியில் உருவாக்கினால், அந்தக் காட்சியைத் தொடாமல் வந்தவருக்கு ஆட்டம் பிழை காட்டி நின்றுவிடும்.

மறதியிலும் உண்மை இருக்கட்டும். 1953இல் வலிப்புக்காக மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் திறனை இழந்தார். ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முந்திய நாள் வரைந்தது மட்டும் நினைவில்லை. கைப்பழக்கம் மூளையில் வேறு வழியில் தங்குகிறது. நம் நாயகி இழந்தது பழைய நினைவை என்றாலும், கையில் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்தால் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து, பட்டையை மெல்லிசாகச் சீவி, உள்மரத்தைத் தொடாமல் நிறுத்துவாள். 'பட்டணத்திலிருந்து வந்தவள்' என்று சொன்னவனின் பொய் அந்த ஒரு சீவலில் உடைந்துவிடும். பேசி வரவழைக்கும் துப்பைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்று பாதையும் முடித்த பிறகே உண்மைப் பாதை திறக்கவேண்டும் என்றால், அந்தக் கணக்கைச் சாதாரண சேவ் கோப்பில் வைக்கக் கூடாது. புதிய ஆட்டம் தொடங்கினால் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். விஷுவல் நாவல் செய்ய உதவும் ரென்பை என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே, புதிய ஆட்டத்திலும் அழியாத 'பெர்சிஸ்டன்ட்' சேமிப்பு உண்டு. நாயகி மறந்தாலும் ஆட்டம் மறக்காது.

தமிழில் செய்பவர்கள் முதல் நாளே எழுத்துருவைச் சோதித்துவிடுங்கள். தமிழ் இல்லாத எழுத்துருவில் வெறும் கட்டங்கள்தான் வரும். எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கும் எழுத்துக்கோப்பு வசதி இல்லாத பழைய ரென்பை பதிப்பில் 'கொ' என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும். 'கொலை' என்ற சொல்லைத் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.