கட்டிங் டிஸ்க்கின் நடுவளையத்தில் ஒரு தேதி இருக்கிறது

"டப்" என்று ஒரு சத்தம். அதன்பின் கிரைண்டர் மெஷின் வெறுமனே சுற்றும் ஓசை மட்டும். நான் திரும்பிப் பார்த்தபோது, வெட்டிக்கொண்டிருந்த, உள்ளே கூடான இரும்பு ஹாலோ செக்‌ஷனுக்கு முன்னால், பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அசையாமல் நின்றார். ஃபேஸ் ஷீல்டில், இடது கண்ணுக்கு நேர் மேலே, விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. உடைந்த டிஸ்க்கில் பாதி, ஆறடி தள்ளிச் சாத்தியிருந்த பிளைவுட்டில் குத்தி நின்றது. "ஒண்ணும் ஆகலைண்ணே" என்றார். ஆனால் சுவிட்சை அணைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கை அப்படி நடுங்கியது.

நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். நட்டைக் கழற்றி, நடுவில் மிஞ்சியிருந்த துண்டை எடுத்து, துளையைச் சுற்றியிருக்கும் தகர வளையத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். கரித்தூளுக்கு அடியில் "வி 07/2021" என்று பொறித்திருந்தது. அன்று 2023 மார்ச்.

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்றில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன், இப்போது ஃபோர்மேன். டிஸ்க் வாங்குவதும், ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. கிரைண்டர் பிடிப்பவர்களுக்குச் சொல்ல ஏராளமான பாதுகாப்பு வகுப்புகள் இருக்கின்றன. டிஸ்க்கை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பவர்களிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. துவாஸிலும் உட்லண்ட்ஸிலும் காக்கி புக்கிட்டிலும் சின்னப் பட்டறை நடத்துகிறவர்கள், சூப்பர்வைசர்கள், ஸ்டோர் பார்ப்பவர்கள், அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வெட்டுகிறவர் தனக்குக் கிடைத்த டிஸ்க்கைத்தான் மாட்டுவார். எது கிடைக்கிறது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

முதலில் அந்தத் தேதி. கட்டிங் டிஸ்க் என்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான மணிகளை ரெசின் பசையில் குழைத்து, உள்ளே கண்ணாடி இழை வலை வைத்து, அழுத்திச் சுட்டு எடுப்பது. மணிகள் கெடுவதில்லை. ரெசின் கெடும். காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல இழுத்து, பிடிப்பை இழக்கிறது. அதனால்தான் இஎன் 12413 என்ற ஐரோப்பியத் தரவிதி, இந்த வகை டிஸ்க்குகளுக்குத் தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் ஆயுள் என்று வைத்து, முடிவு நாளை டிஸ்க்கிலேயே பொறிக்கச் சொல்கிறது. வளையத்தில் வி 07/2021 என்றிருந்தால் 2021 ஜூலைக்குப் பிறகு அதை மாட்டக் கூடாது. அவ்வளவுதான் அர்த்தம். மூன்று ஆண்டு என்பதும் காய்ந்த இடத்தில் வைத்திருந்தால். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். நாம் டிஸ்க் வைப்பதோ சைட்டில் நிற்கும் கண்டெய்னரில், அல்லது லாரியின் பின்னால் திறந்த டூல் பாக்ஸில். பகலில் வேகும், இரவில் வியர்க்கும், மழையில் நனையும். நனைந்த டிஸ்க் காய்ந்தபின் பார்ப்பதற்குப் புதிது மாதிரியே இருக்கும், அதுதான் பயம்.

பழைய ஆட்கள் சிலர் டிஸ்க்கை விரலால் தட்டி, ஓசையைக் கேட்டு நல்லது கெட்டது சொல்வார்கள். அந்தச் சோதனை பெஞ்ச் கிரைண்டரில் மாட்டும் கல்லுக்கு உரியது. ரெசினும் வலையும் சேர்ந்த டிஸ்க் மணி மாதிரி ஒலிக்காது, அதை நம்ப வேண்டாம். கண்ணால் பாருங்கள். ஓரத்தில் சிதைவு, வலை பிரிந்த இடம், வளைவு, ஈரக் கறை, இதில் எது தெரிந்தாலும் தூர வைத்துவிடுங்கள். எங்கள் ஸ்டோரில் டிஸ்க்குகளை இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், தட்டையாக அடுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறோம். சாய்த்து நிறுத்தினால் 1 மி.மீ. டிஸ்க் வளைந்துவிடும்.

அடுத்தது வேகம். டிஸ்க்கின் காகிதத்தில் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்று ஓர் எண் இருக்கும். நொடிக்கு 80 மீட்டர் வேக வகை என்றால் 4 இன்ச்சுக்கு 15,200-ஐ ஒட்டி வரும், 5 இன்ச்சுக்கு 12,200, 7 இன்ச்சுக்கு 8,500, 9 இன்ச்சுக்கு 6,600. மெஷினில் எழுதியிருக்கும் எண் இதைத் தாண்டக் கூடாது. எல்லாம் ஒரே கணக்குத்தான்: இந்த வகை டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. நொடிக்கு 80 மீட்டர் என்றால் மணிக்கு 288 கிலோமீட்டர். நம் எக்ஸ்பிரஸ்வேயில் அதிகபட்சம் 90-தான். ஒரு துண்டு தெறித்தால் அந்த வேகத்தில்தான் புறப்படும். கையை நீட்டித் தடுக்கவோ தலையைத் திருப்பவோ நேரமே இருக்காது.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. 9 இன்ச் டிஸ்க் தேய்ந்து தேய்ந்து 5 இன்ச் அளவுக்கு வந்ததும், இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று அதைச் சின்ன மெஷினில் மாட்டுவது. துளை இரண்டுக்கும் 22.23 மி.மீ. என்பதால் சரியாக உட்காரும். ஆனால் 6,600-க்குச் செய்த டிஸ்க்கை 11,000-இல் சுற்றவிடுகிறோம். இன்னொன்று, 14 இன்ச் டிஸ்க். தரையில் வைத்து வெட்டும் கட்-ஆஃப் மெஷினுக்கும், ரோட்டு வேலைக்காரர்கள் கையில் பிடிக்கும் பெட்ரோல் கட்டருக்கும் டிஸ்க் ஒன்று போலவே தெரியும். முதல் வகை 4,300 சுற்றை ஒட்டித் தாங்கும். பெட்ரோல் கட்டருக்கு 5,400-க்குக் குறையாமல் வேண்டும். மாற்றி மாட்டினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இவை இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள்.

சரி, எந்த இரும்புக்கு எந்தத் தடிமன்? இதில்தான் நல்ல ஃபிட்டருக்கும் அவசரக்காரருக்கும் வித்தியாசம் தெரியும். 1 மி.மீ. டிஸ்க் வெண்ணெய் மாதிரி இறங்கும். சூடு குறைவு, பிசிறு குறைவு, தூசும் குறைவு. தகடு, 2 மி.மீ. சுவருள்ள ஹாலோ செக்‌ஷன், சன்னமான பைப் இவற்றுக்கு அதை விஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அது ஒரு சின்னத் திருகலையும் தாங்காது. மேஜையில் கிளாம்ப் போட்டு, நேராக நின்று வெட்டுகிறவருக்கு அதைக் கொடுக்கலாம். ஸ்கஃபோல்டிங் சாரத்தில் ஒரு காலை ஊன்றி, தலைக்கு மேலே 'எல்' வடிவ ஆங்கிள் பாரை அறுக்கிறவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அங்கே கை நிச்சயம் ஆடும். அவருக்கு 1.6 அல்லது 2 மி.மீ. கொடுங்கள். கட்டுமானக் கம்பி, உருண்டைக் கம்பி, தடித்த பிளேட் என்றால் 2.5 அல்லது 3. மெதுவாகத்தான் வெட்டும், பொறி அதிகம் பறக்கும், ஆனால் தாங்கும். டிஸ்க் தேர்ந்தெடுக்கும்போது இரும்பை மட்டும் பார்த்தால் போதாது. வெட்டுகிறவர் எங்கே, எப்படி நிற்கப்போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் நான் இப்போது பெட்டியையே திறக்கிறேன்.

காகிதத்தில் இன்னும் சில எழுத்துகள் இருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு, சாதாரண இரும்புக்கு உரியது. ஸெட்ஏ என்றால் சிர்கோனியா கலந்தது, விலை கூட, ஆயுளும் கூட. சி என்றால் சிலிகான் கார்பைடு, அது கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும். இரும்பில் போட்டால் வீணாகத் தேயும். பக்கத்து எண் மணியின் அளவு, 24 கரடு, 60 நைஸ். அடுத்த எழுத்து பசையின் கடினம், ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப் போகக் கடினம். கடினமான இரும்புக்குக் கடினமான டிஸ்க் வேண்டும் என்று நினைப்போம், உண்மை அதற்கு நேர்மாறு. கடின உலோகத்தில் மணி சீக்கிரம் மழுங்கும். பசை கொஞ்சம் மென்மையாக இருந்தால்தான் மழுங்கிய மணி உதிர்ந்து அடுத்த மணி முனை காட்டும். வெட்டும்போது டிஸ்க்கின் விளிம்பு பளபளவென்று ஆகி, இரும்பு நீலம் பாய்ந்தால், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். டிஸ்க்கை மாற்றுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தனிக் கதை. காண்டோ அடுக்குமாடி ஒன்றில் பால்கனிக் கைப்பிடி போட்டுக் கொடுத்தோம். ஒப்படைத்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் அழைத்தார். போய்ப் பார்த்தால் வெல்டிங் ஓரத்தில், வெட்டிய இடத்தில், மிளகுத்தூள் தூவினது போல் பழுப்புப் புள்ளிகள். குனிந்து நகத்தால் சுரண்டினேன், விரலில் துரு ஒட்டியது. ஸ்டீல் துருப்பிடிக்கவில்லை. எங்கள் ஆள் காலையில் எம்.எஸ்., அதாவது சாதாரண மைல்ட் ஸ்டீல், பிளேட் வெட்டிய அதே டிஸ்க்கால் மதியம் இதை வெட்டியிருக்கிறார். அந்த இரும்புத் துகள் ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்து, அதுதான் துருவேறியிருக்கிறது. மொத்தத்தையும் ஆசிட் பேஸ்ட் போட்டுக் கழுவி, மறுபடி பாலிஷ் செய்ய இரண்டு ஆள் இரண்டு நாள் வேலை. அன்றிலிருந்து ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்றே செய்த, இனாக்ஸ் என்று எழுதிய டிஸ்க்கை மட்டும் நீலப் பெட்டியில் வைக்கிறோம். அதில் இரும்பும் கந்தகமும் குளோரினும் சேர்க்காமல் செய்திருப்பார்கள். ஒருமுறை எம்.எஸ்ஸைத் தொட்ட இனாக்ஸ் டிஸ்க் நீலப் பெட்டிக்குத் திரும்பக் கூடாது.

இனி எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். வெட்டி முடித்ததும், கட்டிங் டிஸ்க்கை அப்படியே சாய்த்து, பக்கவாட்டால் பிசிறைத் தேய்ப்பது. இரண்டு நொடி வேலைதானே, இதற்காகவா டிஸ்க் மாற்றுவது என்று தோன்றும். கட்டிங் டிஸ்க்கின் பலமெல்லாம் விளிம்பில்தான். பக்கத்திலிருந்து அழுத்தினால் உள்ளே இருக்கும் வலை அறுந்துபோகும், வெளியே தெரியாது, அடுத்த வெட்டில் பிளக்கும். தேய்ப்பதற்கு 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் இருக்கிறது, ஃபிளாப் டிஸ்க் இருக்கிறது. என் அனுபவத்தில் இதற்கு அறிவுரை பலிப்பதில்லை. இரண்டாவது மெஷின் கொடுத்தால்தான் பலிக்கிறது. ஒன்றில் கட்டிங், ஒன்றில் கிரைண்டிங், இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். முதலாளியிடம் அந்த ஒரு மெஷினுக்காக வாதாடுவது தகும்.

டிஸ்க்கைப் பாதி மூடும் காப்பான கார்டைக் கழற்றி 4 இன்ச் மெஷினில் 5 இன்ச் டிஸ்க் மாட்டுவதையும் பார்க்கிறேன். 4 இன்ச்சின் துளை 16 மி.மீ. என்பதால் இடையில் ஒரு வாஷரைச் செருகிச் சமாளிப்பார்கள். மையம் விலகும், அதிரும், முகத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் எதுவும் இருக்காது. இதற்கு விதிவிலக்கே கிடையாது. கார்டு இல்லாத மெஷினை நான் ஸ்டோருக்குள் எடுத்துப் பூட்டிவிடுவேன்.

மாட்டும்போது நட்டைக் கவனியுங்கள். லாக் நட்டில் ஒரு பக்கம் மேடாக இருக்கும். தடித்த கிரைண்டிங் டிஸ்க்குக்கு மேடு டிஸ்க்கைப் பார்த்து, மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்கு மேடு வெளியே பார்த்து. மாற்றிப் போட்டால் நட்டு இறுகின மாதிரி இருக்கும், டிஸ்க் உள்ளே தளர்ந்து கிடக்கும். புது டிஸ்க்கை, ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்து, அரை நிமிடமாவது சும்மா ஓடவிடுங்கள். அப்புறம் இரும்பை எப்படித் தாங்கி வைப்பது என்பது. நீளமான ஆங்கிள் பாரின் இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டினால், முடியும் தறுவாயில் அது கீழே தொய்ந்து டிஸ்க்கைக் கவ்வும், மெஷின் எகிறி அடிக்கும். வெட்டும் துண்டு தானாக விழும்படி, வெட்டு வாய் திறக்கும்படி வையுங்கள்.

கண்ணில் துகள் விழுந்தால் கைக்குட்டை நுனியால் எடுக்க விடாதீர்கள். இரும்புத் துகள் சில மணி நேரத்திலேயே கருவிழியில் துரு வளையம் கட்ட ஆரம்பிக்கும். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

2006-இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கும் வேலையிடத்தை நடத்துகிறவருக்கும் பொறுப்பு வைக்கிறது, வேலை செய்கிறவருக்கும் வைக்கிறது. ஒரு 4 இன்ச் டிஸ்க் கோப்பிக் கடையில் ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசை ஒட்டித்தான் வரும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க, தேதி நெருங்கிய சரக்கை மொத்தமாக மலிவு விலைக்கு எடுப்பவர்களை எனக்குத் தெரியும். கடையிலேயே பாக்கெட்டைப் பிரித்து வளையத்தைப் பாருங்கள். மூன்று மாதத்தில் தீரும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள்.

அந்த 2021 டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நான் வாங்கியதுதான். சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஸ்டோரை ஒழுங்கு செய்தபோது, அலமாரிக்குப் பின்னால் கிடந்த மூன்று பாக்கெட்டைக் கண்டேன். தேதி முடிந்திருந்தது. குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, என் வேலை முடிந்தது என்று போய்விட்டேன். அதில் ஒரு பாக்கெட்டைத் தம்பி பார்த்திருக்கிறார். "சீல்கூடப் பிரிக்கலைண்ணே, வீணாப் போகுதேன்னு எடுத்து வெச்சேன்" என்றார். அவர் கம்பெனியின் காசை நினைத்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது தேதி முடிந்த டிஸ்க் எதுவும் முழுசாக எங்கள் ஸ்டோரை விட்டு வெளியே போவதில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அந்தத் தம்பிதான் செய்கிறார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளையமாகத் துடைத்து, தேதியைச் சத்தமாகப் படிக்கிறார். நான் நோட்டில் குறிக்கிறேன். பிறகு மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் பாதி வரை பிடித்து, ஒரே மடக்கில் இரண்டாக ஒடிக்கிறார். போன மாதம் பதினான்கு.