ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கொடுப்பனவும் பள்ளிக்கூடமும்: வெறுங்கையோடு திரும்பாதீர்கள்

இலங்கையின் வன்னியில் எனக்குத் தெரிந்த ஒரு தாய், ஆட்டிசம் உள்ள ஐந்து வயது மகனோடு கொடுப்பனவு கேட்டு மூன்று முறை பிரதேச செயலகம் ஏறி இறங்கினார். முதல் முறை, கிராம அலுவலரின் கடிதம் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, பொறுப்பானவர் களப்பணிக்குப் போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் முறை அங்கிருந்தவர், "ஓடியாடித் திரிகிறானே, இவனுக்கு என்ன அங்கவீனம்?" என்று கேட்டார். அந்தத் தாய் கூலிக்குப் போகிறவர். மூன்று நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

அந்தக் கேள்விக்கு நீங்கள் வாயால் பதில் சொல்லி வெல்ல முடியாது. வைத்தியரின் கடிதம்தான் பதில் சொல்ல வேண்டும்.

வருமானம் குறைந்த குடும்பங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பலர் சறுக்குவது மருத்துவச் சான்றிதழில்தான். கிளினிக் துண்டில் "பேச்சுத் தாமதம்" என்று மட்டும் இருந்தால், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆட்டிசம் என்ற பெயரையும், பிள்ளையால் தனியே செய்ய முடியாதவற்றையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்: குளிப்பது, மலசலகூடம் போவது, வீதியில் ஆபத்தை அறிவது, தனியே இருப்பது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், பிரதியைக் கொடுங்கள்.

"காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறோம்" என்றால் அத்தோடு எழுந்து வராதீர்கள். விண்ணப்பம் கிடைத்ததற்குத் திகதியும் முத்திரையும் இட்ட பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். பட்டியலில் எத்தனையாவது என்று சொல்ல மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி.

பள்ளிக்கூடத்தில் நடப்பது இதைவிடக் கொடுமை. "முதலில் கதைக்கப் பழக்கிக் கொண்டு வாருங்கள்" என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கதைக்கத் தெரிந்தால்தான் அனுமதி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதிபரோடு வாக்குவாதம் வேண்டாம். அனுமதி கேட்டு எழுத்தில் கொடுங்கள், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே குரல் மாறுவதைப் பார்ப்பீர்கள். மாறாவிட்டால் அந்தக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். விசேட கல்வி அலகுள்ள வேறு பாடசாலையைக் காட்டினால், அங்கே ஆசிரியர் இருக்கிறாரா, உங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தலையாட்டுங்கள். அங்கும் கதவடைத்தால் வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முத்திரையிட்ட பிரதிகளோடு போங்கள்.

தனியாகப் போகாதீர்கள். உங்கள் கிராமத்திலோ பக்கத்துக் கிராமத்திலோ இதே நிலையில் இன்னொரு குடும்பம் இருக்கும். ஊரின் பேச்சுக்குப் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கு அவர்களைத் தெரிந்திருக்கும். உங்களைப் பற்றி அவர்களிடம் சொல்லும்படி அவரைக் கேளுங்கள். இரண்டு தாய்மார் சேர்ந்தால் ஒருவர் அலுவலகம் போகும் நாளில் மற்றவர் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். அந்த வரிசையும் மின்விசிறிச் சத்தமும் கூட்டமும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும் வதை. நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டாலொழிய அவர்களை அங்கே கூட்டிப்போகாதீர்கள்.