'ஸ்டுடியோ ஆல்பம்': தொகுப்பு அல்ல, கோவை

மேலை இசைக்குழுக்களைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'ஸ்டுடியோ ஆல்பம்' என்பது 'கலையகத் தொகுப்பு' ஆகிவிடுகிறது. இன்னும் மோசமான இடங்களில் 'அரங்கத் தொகுப்பு'. ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிந்து, ஒரே படைப்பாக வெளியிடும் பாடல் வரிசைதான் ஸ்டுடியோ ஆல்பம். அதனால் இரண்டும் பிழை. பின்னது, சொல்ல வந்ததற்கு நேர்மாறானதையே சொல்லிவிடுகிறது.

முதலில் வேர். 'ஆல்பம்' இலத்தீனில் வெண்மையைக் குறிக்கும் 'ஆல்புஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமில் ஆணைகளை எழுதிப் பொதுவில் வைத்த வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். பிறகு வெற்றுத்தாள் ஏடு, படம் ஒட்டும் ஏடு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இசைத்தட்டுக் காலத்தில் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் அடங்கும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதித்து, உறைகளில் இட்டு, புத்தகம்போல் கட்டி விற்றார்கள். அந்தக் கட்டுதான் ஆல்பம். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்ததும் கட்டு போனது, பெயர் நின்றது. 'ஸ்டுடியோ' இலத்தீனிலிருந்து இத்தாலி மொழி வழியாக வந்தது. ஊக்கம், கல்வி என்பன மூலப்பொருள். வேரில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் 'தொகுப்பு' என்ற சொல்லில் இருக்கிறது.

தொகுத்தல் என்றால் தனித்தனியே கிடப்பதைச் சேர்த்து வைப்பது. குறுந்தொகையைப் பாருங்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட புலவர்கள் வெவ்வேறு காலத்தில் பாடியவை; நாலடி முதல் எட்டடி வரை என்று அளவு பார்த்துச் சேர்த்தார் பூரிக்கோ. பாடியவர் வேறு, தொகுத்தவர் வேறு. இதுதான் தொகை. இசையில் இதற்கு ஒப்பானது, முன்பே வெளியான பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பின்னாளில் விடும் தட்டு.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்துப் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கை அடுத்து எழுந்த இசைவகை) குழுவான ஜாய் டிவிஷனையே எடுத்துக்கொள்வோம். 1979 ஜூனில் ஃபேக்டரி நிறுவனம் வெளியிட்ட 'அன்நோன் பிளெஷர்ஸ்', 1980 ஜூலையில் வந்த 'க்ளோசர்' ஆகிய இரண்டே அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பங்கள். 1988இல் வந்த 'சப்ஸ்டன்ஸ்', தனித்தட்டுகளாக ('சிங்கிள்') வந்த பாடல்களை முதன்மையாகக் கொண்டு சேர்த்தது. அதுதான் தொகுப்பு. முதலிரண்டையும் தொகுப்பு என்று எழுதிவிட்டால் மூன்றாவதை என்னவென்று எழுதுவது? 'தொகுப்புத் தொகுப்பு' என்றா? சிலர் 'திரட்டுத் தொகுப்பு' என்று தப்பிக்கப் பார்க்கிறார்கள். திரட்டும் தொகுப்பும் ஒன்றுதானே.

வாசகருக்கு இதனால் நேரும் நட்டம் சிறியதல்ல. அக்குழுவின் மிகப் புகழ்பெற்ற 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' அந்த இரண்டு ஆல்பங்களிலும் இல்லை. முதல் ஆல்பம் வந்த அதே 1979இல் தனித்தட்டாக வந்த 'டிரான்ஸ்மிஷன்' பாடலும் அதில் இல்லை. 'தொகுப்பு' என்று படித்தவர் குழுவின் பெயர்பெற்ற பாட்டெல்லாம் உள்ளே இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார். ஏமாந்தால் அது அவர் குற்றமல்ல, மொழிபெயர்த்தவர் குற்றம்.

சரியான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கோவை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம் (தனிப்பாட்டு), குளகம் (ஒரே வினைகொண்டு முடியும் சில பாட்டு), தொகைநிலை (சேர்த்துவைத்த பாட்டுகள்), தொடர்நிலை (தொடர்ந்து செல்லும் பாட்டுகள்) என நான்காகப் பிரிக்கிறது. தொகைநிலையும் தொடர்நிலையும் வேறு என்பது அன்றே தெளிவான செய்தி. தொடர்நிலையின் இயல்பை ஒரே சொல்லில் காட்டுவது 'கோவை'. திருக்கோவையாரில் நானூறு பாட்டும் காட்சி, ஐயம், தெளிதல் என்று துறைமுறைப்படி கோக்கப்பட்டவை. ஒன்றை உருவி வேறிடத்தில் செருக முடியாது.

நெடுந்தட்டும் அப்படித்தான். 'அன்நோன் பிளெஷர்ஸ்' பத்துப் பாட்டு, பக்கத்துக்கு ஐந்து. பக்கங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிடாமல் 'வெளியே', 'உள்ளே' எனப் பொருள்படும் பெயர்களையே வைத்தார்கள். 'டிஸ்ஆர்டர்' வேகமாகத் தொடங்கி வைக்கும்; ஆறு நிமிடத்தை ஒட்டி நீளும் மெதுவான 'ஐ ரிமெம்பர் நத்திங்' முடித்து வைக்கும். வரிசைக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தட்டின் சுழற்சி வேகம் மாறாது. ஆனால் ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறைகிறது. உச்ச ஒலிகள் மங்கும், இரைச்சல் மிகுந்த பாட்டு சிதையும். அதனால் அடங்கிய பாட்டுகளைப் பக்கக் கடைசியில் வைப்பது பொதுவழக்கம். ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டிவரும், ஒலியளவு இறங்கும். இத்தனையும் பார்த்துச் செய்த வேலையைத் 'தொகுப்பு' என்பது தொடுத்த மாலையைப் பூக்குவியல் என்பதற்குச் சமம்.

'கோவை' என்றால் கோயம்புத்தூர் நினைவுக்கு வருமே, இலங்கையில் அலுவலகக் கோப்புக்கும் அதுதானே சொல் என்பார்கள். முன்னே 'பாட்டு' சேர்த்தால் தீர்ந்தது: பாட்டுக்கோவை. 'இசைக்கோவை' வேண்டாம், இசையமைப்பையும் சிம்பொனியையும் குறிக்க அது முன்பே ஆளப்படுகிறது. பேச்சில் 'ஆல்பம்' என்பதில் எனக்கு மறுப்பில்லை. கல்யாண ஆல்பம் தெரியாத வீடு ஏது? ஆனால் தமிழ்நாட்டில் 'ஆல்பம் பாட்டு' என்றால் சினிமாவில் வராத பாட்டு என்று பொருள் ஏறிவிட்டது. எழுத்தில் பாட்டுக்கோவையே தெளிவு.

இனி 'ஸ்டுடியோ'. அரங்கம் என்பது ஆட்கள் கூடிப் பார்க்கும் இடம். 'அரங்கத் தொகுப்பு' என்றால் மேடையில் பாடியதைப் பதிந்தது என்றே தமிழ்க் காது கொள்ளும். ஸ்டுடியோ ஆல்பம் அதற்கு எதிர்முனை. 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட் என்ன செய்தார் என்று பாருங்கள். ஒன்றின் ஒலி மற்றொன்றின் ஒலிவாங்கியில் கசியாதிருக்க முரசுகளைத் தனித்தனியாக வாசிக்கவைத்துப் பதிந்தார். முரசின் அடியோசையை, ஒலியைச் சற்றுப் பிந்தி மீண்டும் எழுப்பும் எண்முறைத் தாமதக் கருவியில் செலுத்தி, இல்லாத அறையொன்றை அதைச் சுற்றி எழுப்பினார். 'இன்சைட்' பாட்டுக்குக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸின் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாக வரவைத்துப் பதிந்தார், தொலைவு வேண்டுமென்று. கட்டடத்தின் லிஃப்டுக்குள் சுழலும் ஒலிபெருக்கியை வைத்து அந்த உறுமலையும் எடுத்தார். மேடையில் தாங்கள் எழுப்பும் முரட்டொலி அடங்கிவிட்டதென்று குழுவினர் சிலருக்கே அப்போது மனத்தாங்கல். 2007 மறுவெளியீட்டின் இரண்டாம் தட்டில் 1979 ஜூலை 13 மேடைப்பதிவு இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேற்றுமை காதில் அறையும்.

'கலையகம்' பொய் சொல்லாது, ஆனால் ஒன்றும் சொல்லாது. ஓவியர், சிற்பி, தொலைக்காட்சி எல்லாருக்கும் அதே கலையகம். இங்கே நடப்பது ஒலிப்பதிவு; 'ஒலிப்பதிவுக்கூடம்' என்று பிழையற்ற சொல் இருக்கிறது. அதற்காக 'ஒலிப்பதிவுக்கூடப் பாட்டுக்கோவை' என்று ஒவ்வொரு வரியிலும் இழுக்கத் தேவையில்லை. பாட்டுக்கோவை என்றாலே கூடத்தில் உருவானது என்று கொள்ளலாம். மேடையில் பதிந்தால் 'மேடைப்பதிவு'. பழையதைச் சேர்த்தால் 'தொகுப்பு'. மூன்று பொருளுக்கு மூன்று சொல்.

சொல்லைத் தேட வேண்டிய இடத்தில் தேடாதவர்கள், தொடக்கூடாத இடத்தில் கைவைக்கிறார்கள். குழுவின் பெயரை 'மகிழ்ச்சிப் பிரிவு' என்று பெயர்ப்பது அதில் ஒன்று. நாஜி வதைமுகாம்களில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக அடைத்துவைத்த பகுதிக்கு ஒரு நாவல் தந்த பெயர் அது. தமிழாக்கத்தில் அந்தக் கொடுமை கரைந்து ஏதோ கேளிக்கைத் துறைபோல் ஆகிறது. பெயரைப் பெயராக விட்டுவிட்டு, விளக்கத்தை உரையில் சொல்வதே முறை.

வகைப்படுத்தக் கடினமான ஒன்றும் உண்டு: 1981இல் வந்த 'ஸ்டில்'. இரட்டைத் தட்டு. முதல் தட்டில் பெரும்பாலும் கூடத்தில் பதிந்து எஞ்சியவை. இரண்டாவதில் 1980 மே 2 அன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்த கடைசி நிகழ்ச்சி. கர்ட்டிஸ் இறந்த பிறகு சேர்த்தது, ஒரே மூச்சில் கோத்ததல்ல. இதை 'மூன்றாவது பாட்டுக்கோவை' என்று எண்ணக்கூடாது. மேடைப்பதிவும் அடங்கிய தொகுப்பு என்று எழுத வேண்டும்.