வரைகதை: ‘வரைகலைப் புதினம்’ ஏன் வேண்டாம்?

‘பொம்மைக் கோட்டை அடிப்படையாகக் கொண்ட சிறுவர் அறிவியல் புனைகதை வரைகலைப் புதினம்.’ லெகோ நிறுவனத்தின் பயோனிக்கிள் பொம்மைகளை வைத்து வந்த நூல் ஒன்றைப் பற்றிய தமிழ் அறிமுகத்தில் வந்த வரி இது. கதையில் பொம்மைகளால் கட்டிய கோட்டை ஏதோ வருகிறது என்றுதான் நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் புரிந்தது, அது கோட்டை அல்ல, கோடு. ‘டாய் லைன்’ என்பதில் உள்ள ‘லைன்’ என்பதைக் கோடு என்று பெயர்த்து, ஐ உருபையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரே பெயரில் தொடர்ந்து வெளிவரும் பொம்மைகளுக்குப் ‘பொம்மை வரிசை’ என்ற சொல் இருக்கிறது. அது ஒரு கவனப்பிசகு, போகட்டும். ‘வரைகலைப் புதினம்’ அப்படியல்ல. படங்களாலேயே கதை சொல்லும் ‘கிராஃபிக் நாவல்’ என்ற நூல்வகைக்குத் தெரிந்தே செய்த சொல்லாக்கம் அது. எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது.

‘கிராஃபிக் நாவல்’ என்ற பெயரை 1964-இல் ரிச்சர்ட் கைல் என்ற அமெரிக்க விமர்சகர் எழுதினார். 1978-இல் வில் ஐஸ்னர் தம் நூலுக்கு அந்தப் பெயரைச் சூட்டிய பிறகு அது பரவியது. கிரேக்கத்தில் ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல், வரைதல். ‘நாவல்’ இத்தாலிய ‘நொவெல்லா’ வழியே வந்தது. புதிது என்று பொருள். வேர் இவ்வளவுதான்.

வரைகலை ஒரு துறையின் பெயர். கணினி வரைகலை, வரைகலை வடிவமைப்பு என்று அது நன்றாகவே நிலைத்துவிட்டது. ‘சிற்பக்கலை நாவல்’ என்று யாராவது சொன்னால் என்ன நினைப்போம்? சிற்பக்கலையைப் பற்றிய நாவல் என்றுதானே? அப்படியானால் வரைகலைப் புதினமும் வரைகலையைப் பற்றிய புதினம்தான். கதையே படங்களாக வரையப்பட்டிருக்கிறது என்ற முக்கியமான செய்தி அந்தத் தொடரில் இல்லை.

புதினமும் சிக்கல்தான். நாவல் என்றால் புதிது, ஆகவே புதினம் என்று வேரைப் பெயர்த்திருக்கிறார்கள். ஈழத்தில் ‘என்ன புதினம்?’ என்று கேட்டால், என்ன செய்தி என்று பொருள். தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதற்குப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்றுதான் பெயர் வைத்தார். பயோனிக்கிள் என்ற பெயரிலும் ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது: ‘பயாலஜிக்கல் க்ரானிக்கிள்’ என்ற இரு சொற்களைக் குறுக்கிச் செய்தது அது. உயிர்களின் சரித்திரம்!

நான் முன்வைப்பது வரைகதை. புதிய சொல் அல்ல, ஏற்கெனவே புழங்குவதுதான். ஊறுகாய் போல வினைத்தொகை: வரைந்த கதை, வரைகின்ற கதை, வரையும் கதை, மூன்றும் அதில் அடங்கும். அதனால்தான் நடுவில் ‘க்’ மிகாது. ‘வரைக்கதை’ என்று எழுதுவது பிழை. சித்திரக்கதையும் எனக்கு உவப்பானதே. வடசொல் என்று அதைத் தள்ளுவோரோடு நான் இல்லை. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஔவையே பாடியிருக்கிறாள். வரைகதை சுருக்கமாக இருக்கிறது, வினையும் உள்ளேயே இருக்கிறது என்பதால் அது ஒரு படி மேல். படக்கதை மட்டும் வேண்டாம். படம் என்றதும் சினிமா நினைவுதான் முதலில் வருகிறது.

காமிக்ஸையும் வரைகதை என்கிறோமே, இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்பார்கள். பயோனிக்கிளையே பாருங்கள். லெகோ நிறுவனம் 2001-இல் அந்த வரிசையைக் கொண்டுவந்தபோது டிசி காமிக்ஸ் அதற்கு இதழ்கள் வெளியிட்டது; எழுதியவர் கிரெக் ஃபார்ஷ்டி. 2008 முதல் பேப்பர்கட்ஸ் பதிப்பகம் அதே இதழ்களைத் தொகுத்துக் கிராஃபிக் நாவல் என்று விற்றது. கதையும் படமும் அவையே, மாறியது கட்டமைப்பு. தமிழிலும் அதைச் சொன்னால் போதும்: வரைகதை இதழ், வரைகதை நூல். தொடக்கம் முதலே ஒரே நெடுங்கதையாக வரைந்ததை நெடுவரைகதை என்னலாம். அந்த அறிமுக வரியை நான் இப்படி எழுதுவேன்: ‘பொம்மை வரிசை ஒன்றிலிருந்து பிறந்த, சிறுவர்களுக்கான அறிவியல் வரைகதை நூல்.’

பெயர்ப்பவர்கள் நூலைத் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை. அதே அறிமுகம் பயோனிக்கிள் கதையின் நாயகர்களான தாஹு, காலி, கொபாக்கா முதலிய டோவா வீரர்களை ‘எந்திர மனிதர்கள்’ என்கிறது. அவர்கள் தசையும் உலோகமும் கலந்த உடல் கொண்ட உயிர்கள். எந்திரம் என்றுவிட்டால் பெயரில் உள்ள உயிர் போய்விடுகிறது.

பொம்மைக் கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று சொல்லாதீர்கள். தொடக்கத்தில் பயோனிக்கிள் கதை நடக்கும் தீவின் ஊர்மக்களுக்குத் ‘தொஹுங்கா’ என்று பெயர். நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரியரின் மொழியில் அது துறை வல்லுநரையும் பூசாரியையும் குறிக்கும் மதிப்புமிக்க சொல். 2001-இல் மாவோரியர் ஆட்சேபித்தார்கள். லெகோ அதைக் கைவிட்டு ‘மட்டோரன்’ என்று மாற்றியது. ஒரு சிறுவர் கதையில் வந்த சொல்லுக்காக அவர்கள் குரல் கொடுத்தார்கள்.