மேடை நகையை அன்றாடம் அணியாதீர்கள்: நடனத்தை நேசிப்பவர்களுக்கு ஒரு தோல் மருத்துவரின் வேண்டுகோள்

சென்ற வாரம் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தன் தாயுடன் என் மருத்துவமனைக்கு வந்திருந்தார். இரண்டு காது மடல்களும் வீங்கி, துளையிலிருந்து நீர் கசிந்து, காய்ந்த இடங்களில் மஞ்சள் பொருக்குத் தட்டியிருந்தது. தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தோல் தடித்துக் கறுத்து, சொறிந்த நகத்தடங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. ஏழு ஆண்டுகள் பரதம் பயின்றவர். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக வகுப்பை நிறுத்தியவர், அதன்பின் திரும்பிச் செல்ல இயலவில்லை. நடனம் தன்னை விட்டுப் போய்விடக் கூடாது என்ற தவிப்பில், ஆக்சிடைஸ்டு எனப்படும், வெள்ளி போலத் தோன்றக் கறுப்பேற்றிய உலோக ஜிமிக்கியையும் நடராசர் உருவம் பொறித்த வார்ப்பூட்டு கொண்ட இடுப்பு வாரையும் நாள்தோறும் அணிந்து கல்லூரிக்குச் சென்றிருக்கிறார். இந்த மாதத்தில் இதே கதையோடு வந்தவர்களில் இவர் நான்காவது பெண். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. நானும் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில், தட்டுக்கழியின் ஓசைக்கு, முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் நின்று வளர்ந்தவள்தான். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் தாமிர சபையை நெல்லையப்பர் கோயிலிலும், சித்திர சபையைக் குற்றாலத்திலும் கொண்டிருக்கும் சீமை நம்முடையது. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் விடிய விடிய மகுடப் பறை அதிர, கணியான் கூத்து ஆடும் ஊர்கள் நம்முடையவை. ஆட்டத்தின் மேல் உள்ள பிரியத்தை உடலில் ஏதேனும் ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைப்பது இயல்பு. ஆனால் இரண்டு மணி நேர மேடைக்காகச் செய்யப்பட்ட பொருளை, பங்குனி வெயிலில் பேருந்து நெரிசலில் பத்து மணி நேரம் வியர்க்க வியர்க்க அணிவதற்கு நம் தோல் உடன்படுவதில்லை.

அந்தத் தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நான் வாரந்தோறும் கேட்கிறேன். "ரெண்டு வருசமா இதத்தான போட்டுக்கிட்டு இருக்கா டாக்டரம்மா. அப்பமெல்லாம் ஒண்ணுஞ் செய்யல்ல, இப்பம் மட்டும் எப்படி ஒத்துக்கிடாமப் போவும்? முந்தாநாளு கத்தரிக்காயும் கருவாடும் சாப்பிட்டா, அதாத்தான் இருக்கும்."

இல்லை, அம்மா. கத்தரிக்காயும் கருவாடும் இதில் குற்றமற்றவை. நகையில் இருக்கும் நிக்கல் என்ற உலோகத்துக்கு வரும் ஒவ்வாமை, முதல் நாளே வருகிற நோய் அன்று. பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள், அந்த உலோகம் தோலில் பட்டுப் பட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு நாள் அதைப் பகை என்று கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்ட பின் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. ஆகவே, "இத்தனை வருடமாகப் போடுகிறேன்" என்பது அந்த நகை நிரபராதி என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பழக்கம்தான் ஒவ்வாமைக்கு வழி செய்திருக்கிறது. இன்னொன்றையும் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வாமை வந்தவர்களுக்கும், நகை பட்டவுடன் அரிப்பு எழும்புவதில்லை. ஒரு நாள் கழித்தோ, இரண்டு மூன்று நாள் கழித்தோதான் எழும்பும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்கு அணிந்துவிட்டுக் கழற்றி வைத்த நகைக்குச் செவ்வாய்க்கிழமை காது கசியும்போது, யாரும் நகையை நினைப்பதில்லை. திங்கட்கிழமைக் குழம்பைத்தான் நினைக்கிறார்கள். அதன்பின் கத்தரிக்காய், நண்டு, முட்டை, தக்காளி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, பிள்ளையை இளைக்க வைத்து, ஆறு மாதம் கழித்து என்னிடம் அழைத்து வருகிறார்கள். அப்போதும் அந்த ஜிமிக்கி காதில்தான் இருக்கிறது.

இரண்டாவது தவறு, ஜெர்மன் சில்வர் என்ற பெயரை நம்புவது. அதில் வெள்ளி அறவே கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை அது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. அந்தப் பெயரே அப்படி அமைந்துவிட்டது. முலாம் பூசிய கவரிங் நகையும் முலாம் இருக்கும் வரையில்தான் பாதுகாப்பு. அன்று அந்த மாணவியின் வாரைக் கழற்றி வாங்கி மேசை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் நடராசரின் தூக்கிய திருவடியும் திருவாசியும் புதுக்கருக்குக் குலையாமல் மின்னின. பின்பக்கத்தில், வயிற்றைத் தொடும் விளிம்பில், முலாம் முழுவதும் உதிர்ந்து சாம்பல் நிற உலோகம் வெளியே தெரிந்தது. சோதனைத் துளிகளை விட்டுப் பஞ்சால் தேய்த்ததும் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறியது. நிக்கல் இருப்பதற்கு அதுதான் அறிகுறி. நாம் நகையை முன்பக்கம் பார்த்து வாங்குகிறோம், தோல் தொடுவதோ பின்பக்கத்தை. தோலைத் தொடும் பொருள்களிலிருந்து எவ்வளவு நிக்கல் வெளிப்படலாம் என்பதற்கு ஐரோப்பிய நாடுகள் 1994 இலேயே வரம்பு வகுத்துவிட்டன. நம் கடைத்தெருவில் நாம்தான் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

தோலில் பச்சைக் கறை படிந்தால் அதுதான் ஒவ்வாமை என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அது செம்பின் கறை, கழுவினால் போய்விடும். அரிப்பும் தடிப்பும் கசிவும்தான் பார்க்க வேண்டியவை.

உடைக்கு வருகிறேன். பயிற்சி முடிந்த பின்னும் நடனப் பைஜாமாவையும் இறுக்கமான செயற்கை இழை லெகிங்ஸையும் மாற்றாமல், அதே ஈரத்தோடு வீடு வரை சென்று, மாலை முழுவதும் அணிந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சிலர் அதையே கல்லூரிக்கும் அணிந்து செல்கிறார்கள், ஆடுகிறவள் என்பது தெரியட்டும் என்று. விளைவு, தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மருந்துக்கடையில் பெயர் சொல்லி ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். அந்தக் களிம்புகளில் பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மூன்று நாளில் அரிப்பு அடங்கும், மூன்றாவது வாரத்தில் இரு மடங்காகப் பரவும், தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். தயவுசெய்து, மருத்துவர் எழுதித் தராத எந்தக் களிம்பையும் தொடையிடுக்கில் தடவாதீர்கள். வகுப்பு முடிந்த கால் மணி நேரத்துக்குள் உலர்ந்த பருத்தி உடைக்கு மாறுங்கள். மாற்றுடை இல்லாமல் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பாதீர்கள். நடன ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன்: உடை மாற்றிக்கொள்ள ஓர் அறையும் பத்து நிமிடமும் ஒதுக்கித் தாருங்கள்.

பயிற்சிச் சேலைக்கு இடுப்பில் இறுக்கிக் கட்டும் முடிச்சும் அப்படித்தான். ஆடும்போது இறுக்கம் வேண்டும். ஆடி முடித்தபின் வேண்டாம். மெல்லிய நாடா ஒரே கோட்டில் பல்லாண்டு அழுத்தினால் அந்த இடம் கறுத்து, செதில் உதிர்ந்து, மிக அரிதாகப் புற்றாகவும் மாறியதை இந்திய மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், முடிச்சின் இடத்தை மாற்றுங்கள்.

ஒட்டுப்பொட்டின் பசையிலும் கை கால்களில் பூசக் கடையில் வாங்கும் செஞ்சாயத்திலும் உள்ள வேதிப்பொருள்கள் சிலருக்கு அந்த இடத்தை வெளுக்கச் செய்கின்றன. நெற்றியில் அரிப்போ நிறம் மங்குவதோ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். இரவில் ஒட்டிக்கொண்டு உறங்காதீர்கள். கறுப்பு மருதாணி என்று விற்பதைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் கேட்டபின் அந்த மாணவி, "அப்போ நான் எதுவுமே போடக் கூடாதா மேடம்?" என்று கேட்டார். அந்தக் குரல் எனக்கு வலித்தது. போடலாம், அம்மா. மேடையிலிருந்து பொருளை எடுத்து வராமல், அதன் அமைப்பையும் நிறத்தையும் எடுத்து வரலாம். நான் எனக்குத் தைத்துக்கொள்ளும் வகைகளையே சொல்கிறேன்.

நடன உடையின் அழகு அதன் விசிறியில் இருக்கிறது. அரைமண்டியில் விரிந்து, நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும் அந்த மடிப்பைப் பருத்திச் சுடிதாரின் பக்கவாட்டுத் திறப்பில் வைக்கலாம். மேலே மூன்று விரல் நீளத்துக்கு மட்டும் மடிப்பைப் பிடித்துத் தைத்து, கீழே விட்டுவிடச் சொல்லுங்கள். நிற்கும்போது சாதாரண உடையாகத் தோன்றும். படியேறும்போது வேறு நிறத் துணி உள்ளிருந்து விரிந்து மூடும். அரக்குக்குள் மாம்பழ மஞ்சள், பச்சைக்குள் அரக்கு என்று வையுங்கள். ஆடத் தெரிந்தவர்கள் அதைக் கண்ட கணத்தில் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு அது அழகான சுடிதார், அவ்வளவே. மேடை உடையின் பழைய பட்டுத் துணியை வெட்டித் தைக்க வேண்டாம். அதில் இருக்கும் சரிகை உரசும். சரிகைக் கரை கட்டாயம் வேண்டுமென்றால், சட்டைக் கையின் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வைத்து, உட்புறம் மெல்லிய பருத்தித் துணியால் உள்வரி கொடுக்கச் சொல்லுங்கள். நம் தையல்காரர்கள் கேட்டால் செய்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

துப்பட்டாவின் ஒரே ஒரு முனையில், கட்டைவிரல் அளவுக்கு ஓர் அலபத்ம முத்திரையைப் பூத்தையலாகப் போட்டிருந்த ஓர் ஆசிரியை என்னிடம் வருவார். விரிந்த ஐந்து விரல்களும் முதல் பார்வைக்குத் தாமரை போலவே தோன்றும். நான் கேட்ட பிறகுதான், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆடியவர் என்பதைச் சொன்னார், முகம் மலர்ந்து. சேலை உடுத்துகிறவர்களுக்கு வழி இன்னும் எளிது. வீரவநல்லூர்த் தறிச் சேலையிலோ சங்கரன்கோவில் பருத்திச் சேலையிலோ, உடலுக்கும் கரைக்கும் நிறம் எடுப்பாக மாறுபடும்படி தேர்ந்தெடுங்கள். முன்கொசுவத்தை ஒரு சாண் கூடுதலாக வைத்துக் கட்டினால், நடக்கும்போது அது விசிறி போல விழும்.

நகை வேண்டுமென்றால் ஒன்று போதும். நாகர்கோவில் வடசேரியில் மரபாகச் செய்யும் கோயில் நகை, வெள்ளியில் தங்க ரேக்கு என்னும் மெல்லிய தங்கத் தகட்டைப் பதித்துக் கெம்புக்கல் கட்டியது. அந்த முறையில் செய்த சிறு தோடு ஒன்று, காதுக்குள் செல்லும் தண்டும் திருகும் 916 முத்திரைத் தங்கமாகவோ 925 முத்திரை வெள்ளியாகவோ இருக்கும்படி வாங்குங்கள். நான்கு சோடி ஆக்சிடைஸ்டு ஜிமிக்கி வாங்கும் பணத்தைச் சேர்த்து வைத்து இதை வாங்கலாம். காலுக்கு வெள்ளிக் கொலுசில் இரண்டே மணி. சலங்கை பூசையன்று குருவின் கையால் வாங்கிய சலங்கை பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஆண்பிள்ளைகளை மறக்கவில்லை. ஒயிலாட்டம் ஆடுகிறவர்கள் கையில் வீசும் வண்ணக் கைக்குட்டையை மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். அதைவிட அழகான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கணியான் கூத்தில் பெண் வேடமிடும் ஒரு பெரியவர் வேறொரு நோய்க்காக என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் சலங்கை கட்டிய அந்தக் கணுக்காலில் ஒரு தழும்புகூட இல்லை. எப்படி என்று கேட்டேன். பழைய வேட்டியைக் கிழித்து, கஞ்சி போகத் துவைத்து, மூன்று சுற்றுச் சுற்றிய பிறகுதான் சலங்கை கட்டுவாராம். ஆட்டம் முடிந்ததும் முதலில் அவிழ்ப்பது அதைத்தானாம். சலங்கைத் தோலைப் பதனிடும் குரோமிய உப்புக்கும் பலருக்கு ஒவ்வாமை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்கு நான் சொல்லக்கூடிய மருந்தும் அந்த வேட்டித் துணிதான்.

எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று அறிய, அந்த மாணவிக்கு முதுகில் சில பொருள்களைப் பட்டையில் வைத்து ஒட்டும் ஒட்டுச் சோதனை செய்தோம். பட்டைகள் இரண்டு நாள் முதுகில் இருக்க வேண்டும், அதுவரை முதுகு நனையக் கூடாது; நம் ஊர் வெக்கையில் அது பெரிய தவம்தான், அவர் பொறுத்துக்கொண்டார். நிக்கல் இருந்த இடத்தில் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இப்போது காதில் வேப்பங்குச்சி போட்டிருக்கிறார். புண் முழுவதும் ஆற இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை தோடும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வாரில் இருந்த நடராசரைக் கழற்றி, சட்டமிட்டுப் படிப்பு மேசையின் மேல் மாட்டிவிட்டாராம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காதிலோ கழுத்திலோ தொப்புளைச் சுற்றியோ இப்படி இருந்தால், மருத்துவரிடம் வரும்போது நகைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். ஜிமிக்கி, அட்டிகை, வார், ஊக்கு, பொட்டு அட்டை, தடவிய களிம்பின் குழாய், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடந்த ஒரு வாரத்தில் எந்த நாளில் எதை அணிந்தார் என்பதையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள்.